பின்விளக்கு பேசும் மொழி

பதுளை நகரை நீங்கி ஸ்பிரிங்வெளியை நோக்கி ஏறிச் செல்லும் பாதை, நமுனுகுல மலைச்சாரலில் வளைந்து வளைந்து போவது. ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளம். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் மாதங்களில், பொழுது சாயுமுன்னரே மூடுபனி இறங்கிப் பாதையை மறைத்துவிடுகின்றது. அத்தகைய ஒரு மாலையில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய முச்சக்கர வண்டியொன்று, லயத்திற்குச் செல்லும் தோட்டப் பாதையில் திரும்புவதற்காக வீதியின் நடுவே வந்து தாமதித்து நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னே பஸ்ஸொன்று வருகின்றது. பஸ் சாரதியின் கண்ணுக்கு அங்கே வண்டி தெரிவதில்லை; அதிலுள்ள பிள்ளைகளும் தெரிவதில்லை. மங்கலான ஓர் ஒளிப்புள்ளி மாத்திரமே தெரிகின்றது. அந்தப் புள்ளி என்ன நிறத்தில் இருக்கின்றது என்பது, அவ்வேளையில் அற்பமான விடயமன்று.

வாகனத்தின் பின்புறத்தில் திரும்புதலை அறிவிக்கும் விளக்கு சிவப்பாக இருக்கவேண்டுமா, செம்மஞ்சளாக இருக்கவேண்டுமா என்ற வினா, மோட்டார் வாகன உலகில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவி வருவது. உலகின் பெரும்பாலான நாடுகள் செம்மஞ்சளே என்று முடிவு செய்துவிட்டன. ஐக்கிய அமெரிக்காவோ இரண்டில் எதுவாயினும் ஆகலாம் என்று இன்றுவரை விட்டுவைத்திருக்கின்றது. இவ்விரு வழிகளுக்கும் காரணம் யாது என்பதை ஆராய்ந்தால், மலைநாட்டுப் பாதையில் வண்டி செலுத்துவோர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய ஓர் உண்மை புலப்படும்.

முதலில் இவ்விளக்கின் வரலாற்றைச் சற்று நோக்குதல் நன்று. ஆதியில் சாரதியின் கையே சமிக்ஞையாக இருந்தது. வலப்புறம் அமர்ந்து வண்டியை ஓட்டியவர், வலப்புறம் திரும்புவதாயின் தம் வலக்கரத்தை வெளியே நீட்டிக் காட்டினார். இரவிலும் மழையிலும் கை தெரியாது என்ற குறை இருந்தமையால், கைக்குப் பதிலாக ஒரு சிறு பொறி வந்தது. பதுளைக்கு 1924ஆம் ஆண்டில் புகையிரதம் வந்து சேர்ந்தபோது, அதனோடு கைகாட்டி மரமும் வந்தது. ஏறக்குறைய அதே போன்றதொரு கைகாட்டி, சிற்றுருவில், மோட்டார் வண்டியின் பக்கத் தூணிலும் பொருத்தப்பட்டது. விசையைத் திருப்பியதும் சிறகு போன்ற ஒரு சிறு கை வெளியே எழும். அதனுள்ளே ஒரு மின்குமிழ் எரியும். அக்கையின் நிறம் பெரும்பாலும் செம்மஞ்சளாகவே இருந்தது.

இந்த வரலாறு முழுவதையும் ஒரே வண்டியில் காணவேண்டுமாயின், இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர் காரைப் பார்த்தாற் போதும். இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தக் கார், பல ஆண்டுகள் வரை பக்கத் தூணில் எழும் கைகாட்டியையே உடையதாக இருந்தது. 1961ஆம் ஆண்டில் கைகாட்டி நீக்கப்பட்டு, மினுங்கும் விளக்கு வந்தது. எனினும் அதற்கெனப் பின்புறத்தில் தனி விளக்கு வைக்கப்படவில்லை. தடுப்பை மிதிக்கும்போது எரியும் சிவப்பு விளக்கே, திரும்பும்போது மினுங்கவும் செய்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1963இல், அவ்விளக்குகள் மாற்றியமைக்கப்பட்டுத் திரும்புதலுக்கெனச் செம்மஞ்சள் விளக்கு தனியே வைக்கப்பட்டது. ஆகவே, பழைய மொரிஸ் மைனர் கார்கள் மூன்றை வரிசையாக நிறுத்தினால், கைகாட்டி, சிவப்பு, செம்மஞ்சள் என்னும் மூன்று படிகளையும் ஒருங்கே காணலாம்.

இங்கிலாந்துச் சட்டமும் இதே வழியில் நடந்தது. 1965ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் வீதிக்கு வரும் புதிய வாகனங்களுக்குச் செம்மஞ்சள் நிறம் கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட வண்டிகள் தம் பழைய சிவப்பை வைத்துக்கொள்ளலாம் என்று விலக்களிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி வியன்னா நகரில் கையொப்பமிடப்பட்ட வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும், திரும்பு சமிக்ஞை செம்மஞ்சளாக இருத்தல் வேண்டும் என்று கூறியது. ஜப்பானும் 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலேயே இந்நெறியைத் தழுவிக்கொண்டது. இலங்கை வீதிகளில் ஓடும் கார்களிலும் வான்களிலும் மிகப் பல ஜப்பானிலிருந்தும், முச்சக்கர வண்டிகளிற் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தும் வந்தவை. ஆதலால், அவை தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே செம்மஞ்சள் விளக்கோடுதான் வருகின்றன.

அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தது. 1939ஆம் ஆண்டில் பியூக் கம்பனி, பின்புறத்தில் மினுங்கும் திரும்பு விளக்கைத் தன் கார்களிற் பொருத்தி விற்றது. ஒரே மின்குமிழைத் தடுப்புக்கும் திரும்புதலுக்கும் பயன்படுத்துவது செலவைக் குறைத்தது, கம்பி இணைப்பையும் சுருக்கியது, அழகுக்கும் தடையாகவில்லை. 1963ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் முன்புற விளக்குகள் வெண்மையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறின. பின்புறமோ மாறவில்லை. 1968இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதியும், பின்புறத்தில் சிவப்பும் ஆகலாம், செம்மஞ்சளும் ஆகலாம் என்றே கூறிற்று. அச்சலுகை இன்றும் நீடிக்கின்றது.

இனி, நிறம் மாறுவதால் உண்மையில் விளையும் பயன் யாது என்று பார்ப்போம். பின்புற விளக்குகள் பின்னே வருபவரிடம் மூன்று செய்திகளைக் கூறவேண்டியிருக்கின்றது. 'நான் இங்கே இருக்கின்றேன்' என்பது ஒன்று. 'வேகத்தைக் குறைக்கின்றேன்' என்பது மற்றொன்று. 'இன்ன பக்கம் திரும்பப் போகின்றேன்' என்பது மூன்றாவது. இம்மூன்றையும் சிவப்பு ஒன்றே கூற முற்பட்டால், ஒளியின் பிரகாசத்தையும் மினுக்கத்தையும் கொண்டே பின்னால் வருபவர் பொருளைப் பிரித்தறிய வேண்டும். மூன்று பேர் ஒரே குரலில் பேசினால், பேசுபவர் யாரென்று அறியச் சற்று நேரம் பிடிக்குமன்றோ? அதுவே இங்கும் நிகழ்கின்றது.

அந்தச் 'சற்று நேரம்' எவ்வளவு என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். திரும்பு விளக்கு நிமிடத்திற்கு 60 முதல் 120 தடவை மினுங்க வேண்டும் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட நியமம். நிமிடத்திற்கு 60 தடவை மினுங்கும் விளக்கு, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைச் செக்கன் எரிந்து, அரைச் செக்கன் அணைகின்றது. சிவப்பு ஒளியொன்று எழுந்தவுடன், அது தடுப்பா, திரும்புதலா என்று சாரதியால் துணிய இயலாது. அது அணைகின்றதா என்று பார்த்த பின்னரே துணிய முடியும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ், ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கின்றது. அரைச் செக்கனில் ஐந்தரை மீற்றர் கடந்துவிடும். ஈரமான இறக்கத்தில், பாரமேற்றிய பஸ்ஸுக்கு ஐந்தரை மீற்றர் என்பது பெரிய தூரம். எழுந்த ஒளி செம்மஞ்சளாக இருந்தாலோ, அது முதன்முறை எரிந்த கணத்திலேயே பொருள் தெளிவாகிவிடுகின்றது.

நேர்வீதியில் இரு பின்விளக்குகளும் சேர்ந்தே தெரிகின்றன. ஒன்று நிலையாக எரிய, மற்றொன்று மினுங்கினால், சிவப்பேயானாலும் ஒப்பிட்டு அறிந்துகொள்ளலாம். அமெரிக்க முறைக்குச் சார்பாகக் கூறப்படும் நியாயங்களுள் இதுவும் ஒன்று. நேரிய, அகன்ற நெடுஞ்சாலைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு, முன்னே செல்லும் வண்டியின் ஒருபக்க விளக்கே தெரியும். மற்றையதை மண் மேடோ, கற்சுவரோ, தேயிலைச் செடியோ மறைத்துவிடும். சில வண்டிகளில் ஒருபக்க மின்குமிழ் எரிந்து போயிருக்கும். ஒப்பிடுவதற்கு இரண்டாவது விளக்கு இல்லாதபோது, மினுங்கும் ஒற்றைச் சிவப்பு ஒளி, தடுப்பை விட்டுவிட்டு மிதிக்கும் சாரதியையே நினைப்பூட்டும். மலை இறக்கத்தில் அவ்வாறு விட்டுவிட்டு மிதிப்பது சாதாரணமாதலால், மயக்கம் மேலும் மிகும்.

மூடுபனியைப் பற்றி மக்களிடையே பரவலான ஒரு கருத்து உண்டு. மஞ்சள், செம்மஞ்சள் ஒளிகள் பனியை ஊடுருவிச் செல்லும். ஆதலாலேயே அவை விரும்பப்படுகின்றன என்பர். இது சரியன்று. காற்றிலுள்ள நுண்ணிய மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடித்துச் சிவப்பைக் குறைவாகச் சிதறடிக்கின்றன. அந்தி வானம் சிவப்பது அதனாலேயே. ஆனால் மூடுபனி மூலக்கூறுகளால் ஆனதன்று, நீர்த்துளிகளால் ஆனது. அத்துளிகள் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவினவாக இருக்கும். ஒளியலையின் நீளமோ ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. அலையினும் பன்மடங்கு பெரிதான துளி, எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே சிதறடிக்கின்றது. மூடுபனி வெண்மையாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். ஆகவே, செம்மஞ்சளுக்குப் பனியைத் துளைக்கும் தனியாற்றல் எதுவும் இல்லை.

எனினும் மூடுபனியில் செம்மஞ்சளே சிறந்தது; அதன் காரணம் வேறு. பனி, வண்டியின் வடிவத்தை அழிக்கின்றது; அதன் பருமனை அழிக்கின்றது; விளக்கு வண்டியின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றது என்பதையும் அழிக்கின்றது. எஞ்சி நிற்பது நிறம் ஒன்றே. அந்த நிறத்திற்கு ஒரே ஒரு பொருள் இருந்தால்தான், எஞ்சி நிற்கும் அச்சிறு செய்தியாவது பயன்படும். சிவப்பு என்றால் வேகம் குறைகின்றது அல்லது வண்டி நிற்கின்றது; செம்மஞ்சள் மினுங்கினால் திரும்புகின்றது. இப்பிரிவினையே செம்மஞ்சள் விளக்கின் முழுச் சிறப்பும் ஆகும்.

இதனோடு கண்ணின் இயல்பும் சேர்கின்றது. மனிதக் கண், பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒளியையே மிக எளிதில் உணர்கின்றது. ஆழ்ந்த சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல உணர்வு குறைகின்றது. ஆகவே ஒரே அளவு ஆற்றலையுடைய ஒளிகளுள், சிவப்பினும் செம்மஞ்சள் பிரகாசமாகத் தோன்றும். ஆண்களுள் ஒரு சாராருக்குப் பிறவியிலேயே நிறக்குருடு உண்டு. அவர்களுள் சிலர்க்குச் சிவப்பு ஒளி மிகவும் மங்கித் தெரியும். அத்தகையோரும் வாகனம் செலுத்துகின்றனர் என்பதை விளக்கை அமைப்போர் மறத்தலாகாது.

இவையெல்லாம் நியாயங்கள். அனுபவம் என்ன கூறுகின்றது? சிவப்பும் செம்மஞ்சளும் அருகருகே ஓடும் நாடாதலால், அமெரிக்காவே இதற்குச் சோதனைக் களமாயிற்று. அங்கு ஒரே பெயருடைய கார், ஓராண்டில் சிவப்பு விளக்கோடும் மற்றோராண்டில் செம்மஞ்சள் விளக்கோடும் வந்ததுண்டு. அவ்வாறு நிறம் மாறிய கார்களின் விபத்துப் பதிவுகளை, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, அந்நாட்டுத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2009ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. திரும்புதல், ஒழுங்கை மாறுதல் போன்று, திரும்பு விளக்கு பயன்படக்கூடிய சந்தர்ப்பங்களில், பின்னாலிருந்து மோதப்படும் அபாயம் செம்மஞ்சள் விளக்குடைய கார்களுக்கு 5.3 சதவீதம் குறைவு என்பது அதன் முடிவு.

நூற்றுக்கு ஐந்து என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால், காரின் பின்கண்ணாடியருகே உயரத்தில் வைக்கப்படும் மூன்றாவது தடுப்பு விளக்கை நினைத்துப் பார்க்கவேண்டும். அதனை 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் அமெரிக்கா கட்டாயமாக்கியது. அவ்விளக்கினால் பின்மோதல்கள் நீண்டகால அளவில் 4.3 சதவீதம் குறைந்தன என்று அதே நிருவாகம் கணித்தது. புதிதாக ஒரு விளக்கையே சேர்த்துப் பெற்ற நன்மைக்கு ஒப்பான நன்மையை, இருக்கின்ற விளக்கின் நிறத்தை மாற்றியே பெறலாம் என்றால், அதனைச் சிறிதென்று தள்ளிவிட இயலாது.

அவ்வாறாயின், செம்மஞ்சள் விளக்கோடு வரும் வண்டிகளையே பயன்படுத்தும் இலங்கையருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் வினவலாம். தொழிற்சாலை தந்த நன்மையை வீதியில் இழந்துவிடக் கூடாது என்பதற்கேயாம். உடைந்த விளக்கு மூடியின் மேல் கையில் அகப்பட்ட சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு ஓடும் வண்டிகள் உண்டு. அழகுக்காக விளக்கு முழுவதற்கும் கருமையோ செம்மையோ பூசப்பட்ட வண்டிகளும் உண்டு. பச்சை, நீலம், ஊதா என்று பல நிற விளக்குகள் மாறி மாறி மினுங்க, அவற்றின் நடுவே உண்மையான சமிக்ஞை எது என்று தெரியாதபடி அலங்கரிக்கப்பட்ட பஸ்களும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தை ஒட்டிப் பொலிஸார் இத்தகைய அனுமதியற்ற அலங்காரங்களை அகற்ற முற்பட்டபோது, பஸ் மற்றும் முச்சக்கர வண்டிச் சங்கங்களிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. தம் வண்டியை அழகுபடுத்த விரும்புவது மனித இயல்பே. உழைத்துத் தேடிய பொருளால் வாங்கிய வண்டியல்லவா? ஆயினும், பின்விளக்கு வண்டிக்காரரின் உடைமையாக இருந்தாலும், அதன் செய்தி பின்னே வருபவருக்கு உரியது. அச்செய்தியைக் குழப்ப எவருக்கும் உரிமையில்லை.

அறியாமையால் நேரும் பிழைகளும் சில உண்டு. அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் விளக்கு மூடி நிறமற்றதாக இருக்கும்; உள்ளேயுள்ள மின்குமிழே செம்மஞ்சள் நிறமுடையது. அக்குமிழின் மேற்பூச்சு நாளடைவில் உதிர்ந்தால், விளக்கு வெண்மையாக மினுங்கத் தொடங்கும். பின்புறத்து வெண்மை, வண்டி பின்னோக்கி வருவதன் அடையாளம். ஆகவே இதுவும் மயக்கமே. இத்தவற்றைத் தடுப்பதற்காகவே, செம்மஞ்சள் குமிழின் அடியிலுள்ள இரு முளைகளும் நேரெதிராக இல்லாமல் சற்று விலக்கி அமைக்கப்பட்டிருக்கின்றன. நிறமற்ற குமிழ் அந்தத் துளையில் இலகுவில் பொருந்தாது. பொருந்தாததை வலிந்து அழுத்திப் பொருத்துவது, விளக்கை அமைத்தவர் முன்யோசனையோடு செய்த ஏற்பாட்டைக் கெடுப்பதாகும்.

விளக்கின் தாளமும் ஒரு செய்தியைக் கூறுகின்றது. அண்மைக்கால வண்டிகள் பலவற்றில், ஒருபக்கத்து மின்குமிழ் செயலிழந்தால், அப்பக்கத்து மினுக்கம் வழக்கத்தினும் விரைவாகும். பழைய வெப்பமுறைக் கருவியுள்ள வண்டிகளிலோ, மினுக்கம் தளர்ந்துபோகும் அல்லது மினுங்காமலே எரிந்து நிற்கும். சாரதியின் காதில் விழும் 'டிக், டிக்' என்ற ஓசை மாறியதுமே, இறங்கிச் சென்று பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள்.

நிறம் சரியாக இருந்தாலும், அதனைப் பயன்படுத்தும் முறையும் சரியாக இருக்கவேண்டும். சில சாரதிகள், பின்னே வருபவரை முந்திச் செல்லுமாறு அழைப்பதற்கும் திரும்பு விளக்கையே போடுகின்றனர். அது நல்லெண்ணத்தாற் செய்வதேயாயினும், ஒரு சொல்லுக்கு இரு பொருள் கற்பிப்பதாகிவிடுகின்றது. திரும்பப் போகிறார் என்று ஒருவரும், முந்தச் சொல்கிறார் என்று மற்றொருவரும் கொண்டால், வளைவில் நேர்வது என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை. சிவப்பிலிருந்து செம்மஞ்சளைப் பிரித்து, ஒரு நிறத்திற்கு ஒரு பொருள் என்று உலகம் முயன்று ஏற்படுத்திய ஒழுங்கு, இவ்வழக்கத்தால் வீணாகின்றது.

ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காகச் செய்யப்படும் புகைப் பரிசோதனை, புகையையே அளக்கின்றது. விளக்கின் நிறத்தை அளப்பதில்லை. ஆகவே அப்பொறுப்பு வண்டிக்காரரையே சாரும். அதற்குப் பெருஞ்செலவும் இல்லை, கல்வியும் வேண்டியதில்லை. தோட்டப் பாதைச் செம்மண் சேறு, மழை நாளில் ஒரே ஓட்டத்தில் பின்விளக்கின் மேல் அப்பிக்கொள்ளும். அதனை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வலது விளக்கையும் இடது விளக்கையும் ஒருமுறை போட்டு, தடுப்பையும் மிதித்து, பின்னே நிற்கும் ஒருவரிடம் என்ன நிறம் தெரிகின்றது என்று கேட்டுக்கொள்ளலாம். வீட்டிலுள்ள சிறுபிள்ளைகூட அதனைப் பார்த்துச் சொல்லிவிடும். ஸ்பிரிங்வெளிப் பாதையில் பனி இறங்கும் மாலையில், அதே பிள்ளை அவ்வண்டியின் பின்னாசனத்தில் அமர்ந்து வரும்போது, பின்னால் வரும் பஸ் சாரதிக்குத் தெரியப்போவதும் அந்த ஒளிப்புள்ளி ஒன்றே.